செடன்டரின்னா சோம்பேறியா?

உலகத்துல பெரியவங்கள்ல 31 சதவீதம் பேர், அதாவது சுமார் 180 கோடிப் பேர், 2022-ல் போதுமான அளவு உடம்பை அசைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. இந்தியாவுக்கு மட்டும் பார்த்தா அது கிட்டத்தட்ட பாதிப் பேர். செய்தி வந்த மறுநாள் காலையில எங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவுல பெரியப்பா ஒரு படத்தைப் போட்டார். கொட்டை எழுத்துல, "இந்தியர்களில் பாதிப் பேர் சோம்பேறிகள்! அதிர்ச்சித் தகவல்!!" கீழே அவரோட சொந்தச் சரக்கு: "நம்ம வீட்டுப் பசங்களைத்தான் சொல்றான்."

பசங்களைத் திட்ட பெரியப்பாவுக்கு உலக சுகாதார நிறுவனத்தோட உதவி எல்லாம் தேவையில்லை. அது வேற விஷயம் :-) ஆனா அந்த அறிக்கையில சோம்பேறிங்கற அர்த்தத்துல ஒரு வார்த்தை கூட கிடையாது. 'இன்சஃபிஷியன்ட் பிசிக்கல் ஆக்டிவிட்டி' என்றுதான் இருந்தது. உடல் இயக்கம் போதலைங்கறது அதோட அர்த்தம். அது ஒரு அளவு. சோம்பேறிங்கறது ஒரு வசவு. அளவை எடுத்து வசவாக்கறதுல நம்மாளுங்க கில்லாடிங்க.

இங்கிலீஷ்ல உடம்பு அசையாம இருக்கறதுக்கு ஏகப்பட்ட வார்த்தை இருக்கு. செடன்டரி, இன்ஆக்டிவ், லேஸி, ஐடில், லெதார்ஜிக், ஸ்லக்கிஷ், இனர்ட், இண்டொலன்ட், டார்மன்ட்... சும்மா ஒரு பக்கத்துக்கு எழுதலாம். நம்ம ஊர்ல தமிழ்ல மாத்தும்போது இதுல முக்கால்வாசி 'சோம்பேறித்தனம்'ங்கற ஒரே கோணிப்பையில போய் விழுந்துடுது. இலக்கணம் பேசறவங்களுக்கு இது சின்ன எரிச்சல். எனக்கு அப்படி இல்லை. ஏன்னு சொல்றேன்.

எங்க அத்தை ஒருத்தங்க திருப்பூர்ல பனியன் கம்பெனியில பவர்டேபிள் ஓட்டறாங்க. பல நாள் ஒண்ணரை ஷிப்டு. காலையில எட்டரைக்கு மிஷின் முன்னாடி உக்காந்தா ராத்திரி எட்டரை. நடுவுல டீ, சாப்பாடு, அவ்வளவுதான். சில வருஷம் முன்னாடி அந்த ஏரியாவுல ஒரு இலவச மருத்துவ முகாம் நடந்துச்சு. யார் நடத்தினாங்கங்கறது இங்க வேண்டாம். அத்தைக்கு சர்க்கரை கொஞ்சம் கூட இருந்தது, மூணு மாசத்துல மறுபடி பாக்கணும்னு சொல்லி கையில ஒரு நோட்டீஸ் கொடுத்து அனுப்பினாங்க. அதுல சர்க்கரை நோய்க்கான காரணங்கள்னு போட்டு இரண்டாவதா என்ன இருந்தது தெரியுமா? "சோம்பேறித்தனமான வாழ்க்கை முறை."

அத்தை அதை என்கிட்ட நீட்டி, "ஏங்கண்ணு, விடியால அஞ்சு மணிக்கு எந்திரிச்சு தண்ணி புடிச்சு, ஆக்கி வெச்சு, ஓட்டமும் நடையுமா கம்பெனிக்குப் போறேன். நானு சோம்பேறியா?"ன்னு கேட்டாங்க. அது 'செடன்டரி லைஃப்ஸ்டைல்'ங்கறதோட தமிழாக்கம்னு எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சது. விளக்கிச் சொன்னேன். ஆனா நோட்டீஸ் அடிச்சவங்க சொன்னதுதானே நிக்கும்! "என்னைப் பத்தி ஒண்ணுந் தெரியாதவங்ககிட்ட நான் எதுக்குப் போகோணும்"னு மறு பரிசோதனைக்குப் போகவே இல்லை. ஒண்ணரை வருஷம் கழிச்சு கால்ல பட்ட காயம் ஆறாம இழுத்துக்கிட்டே போனப்பதான் ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சாங்க. அதுக்குள்ள சர்க்கரை எங்கேயோ போயிருந்தது.

ஒரு வார்த்தைதான் முழுக் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த நோட்டீஸ்ல "ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருப்பது"ன்னு போட்டிருந்தா அத்தை அதுல தன்னை அடையாளம் கண்டுபிடிச்சிருப்பாங்க. பன்னண்டு மணி நேரம் உக்காந்து தைக்கிற பொம்பளைக்கு உட்கார்றதைப் பத்தி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

செடன்டரிங்கற வார்த்தையோட வேர் லத்தீன்ல 'உட்கார்' என்பதுதான். வேற ஒண்ணுமே இல்லை. செஷன் என்கிறோமே, சட்டசபை 'அமர்வு', அதுவும் அதே வேர்தான். பிரசிடென்ட்னா முன்னால உட்கார்ந்திருக்கிறவர். அடியில போய்த் தங்கற வண்டலுக்கு செடிமென்ட்னு பேர் வந்ததும் இதே வழியில. இதுல எங்கேயாவது சோம்பல் வாசனை அடிக்குதா?

இன்னும் வேடிக்கை, பறவைகளைப் பத்தி எழுதறவங்க இந்த வார்த்தையைப் பயன்படுத்தற விதம். ஓரிடம் விட்டு வலசை போகாத பறவைக்கு செடன்டரின்னு பேர். நம்ம தெருக் காக்கா செடன்டரி! காலையில மொட்டை மாடியில கத்த ஆரம்பிச்சா இருட்டற வரைக்கும் பறந்துக்கிட்டே இருக்கற ஜீவன். வேடந்தாங்கலுக்கு வெளியூர்லேருந்து வந்து மாசக்கணக்குல தங்கிட்டுப் போற வாத்து செடன்டரி இல்லை, காக்கா செடன்டரி. இருந்த இடத்துலயே இருக்கிறதுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம்.

தொழிலுக்கும் இந்த வார்த்தைக்கும் உறவு புதுசும் இல்லை. 1700-ல் இத்தாலியில ராமஸ்ஸினின்னு ஒரு மருத்துவர், தொழிலாளிகளுக்கு வர்ற நோய்களைப் பத்தியே ஒரு புத்தகம் போட்டார். உட்கார்ந்து வேலை செய்யறவங்களுக்குன்னு அதுல தனி அத்தியாயம் உண்டு. அதுல யார் வர்றாங்க தெரியுமா? தையல்காரங்களும் செருப்புத் தைக்கிறவங்களும். விடுமுறை நாள்லயாவது உடம்பை ஆட்டி அசைக்கச் சொல்லி அவங்களுக்கு யோசனை சொல்றார் மனுஷன். முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சிருக்கு, இது உழைக்கிறவனோட பிரச்சினைன்னு. எங்க அத்தைக்கு நோட்டீஸ் எழுதினவருக்குத் தெரியலை.

சரி, இன்ஆக்டிவ்? இங்கதான் படிச்சவங்களே குழம்பறாங்க. செடன்டரியும் இன்ஆக்டிவும் ஒண்ணுன்னு ரொம்ப நாள் ஆராய்ச்சிக் கட்டுரைகள்லயே கலந்து கட்டி எழுதிக்கிட்டிருந்தாங்க. 2012-ல் இந்தத் துறை ஆராய்ச்சியாளர்கள் பலர் சேர்ந்து ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினாங்க, ஐயா தயவு செஞ்சு இந்த ரெண்டையும் பிரிங்கன்னு. முழிச்சிருக்கும்போது உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ, ஓய்வுல செலவாகற சக்தியை விட ஒண்ணரை மடங்குக்கு மேல போகாம இருந்தா அது செடன்டரி. வாரத்துக்கு இவ்வளவு அசையணும்னு இருக்கற அளவை எட்டாதவர் இன்ஆக்டிவ். அந்த அளவு என்ன? ஓரளவு மூச்சு வாங்கற மாதிரி வேகமான நடை போன்றது வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம்.

தூங்கற நேரம் இதுல சேராது, கவனிச்சீங்களா? முழிச்சிருக்கணும். அதனால ஞாயித்துக்கிழமை மத்தியானம் குறட்டை விடறவரை செடன்டரின்னு யாரும் சொல்ல முடியாது. வேற வார்த்தை சொல்லிக்கலாம் :-)

இப்ப அத்தைக்கு வருவோம். கம்பெனிக்குப் போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம். லேட்டானா கேட்டுல கணக்குப்பிள்ளை முறைப்பாருன்னு விறுவிறுன்னுதான் நடப்பாங்க. ஒரு நாளைக்கு 40, ஆறு நாளைக்கு 240 நிமிஷம். 150-ஐத் தாண்டி எங்கேயோ போயாச்சு. ஆக, அவங்க செடன்டரி, ஆனா இன்ஆக்டிவ் இல்லை!

இதுக்கு நேர் எதிர் தி.நகர்லயும் மதுரை விளக்குத்தூண் பக்கத்துலயும் ஜவுளிக்கடை புடவைப் பிரிவுல நிக்குற பொண்ணுங்க. காலையில நின்னா ராத்திரி கடை சாத்தற வரைக்கும் நின்ன இடத்துல நிக்கணும். அவங்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021-ல் சட்டத் திருத்தமே கொண்டு வர வேண்டியிருந்தது. கேரளாவுல 2018-லேயே வந்துடுச்சு. அந்தப் பொண்ணு செடன்டரி கிடையாது, உட்காரவே விடலையே! ஆனா வேகமா நடக்கவோ ஓடவோ நேரமும் கிடையாது, அதுக்கப்புறம் தெம்பும் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல அவ இன்ஆக்டிவ் பட்டியல்ல போய் விழ நல்லா வாய்ப்பிருக்கு. கால் வீங்கி, பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வீட்டுக்குப் போறவளை, பெரியப்பாவோட படம் சோம்பேறிங்குது.

இப்படிப் பிரிச்சு வெச்சதால என்ன லாபம்னு கேட்டீங்கன்னா, 2016-ல் லான்செட் இதழ்ல வந்த ஒரு பெரிய ஆய்வைச் சொல்லலாம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவங்களோட விவரங்களை ஒண்ணா சேர்த்துப் பாத்தாங்க. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல உட்கார்றவங்களுக்குக் கூடுதலா வர்ற மரண ஆபத்து, தினமும் 60 முதல் 75 நிமிஷம் ஓரளவு வேகமா உடம்பை இயக்கறவங்ககிட்ட காணாமப் போயிருந்தது. உட்கார்றது ஒரு பத்தி, அசையறது இன்னொரு பத்தின்னு தனித்தனியா எழுதினதாலதானே இந்த விடையே கிடைச்சது? ரெண்டையும் ஒரே வார்த்தையில அமுக்கியிருந்தா கேள்வியைக் கூட கேட்டிருக்க முடியாது. அத்தையோட 40 நிமிஷம் வீண் இல்லை, ஆனா பன்னண்டு மணி நேர மிஷினுக்கு அது போதாதுன்னு இதை வெச்சு அவங்களுக்குச் சொல்ல முடிஞ்சது. மதியம் சாப்பிட்டுட்டு கம்பெனி காம்பவுண்டை நாலு சுத்து சுத்தறாங்க இப்போ. கூட ரெண்டு கைமடிப் பொண்ணுங்களும்.

உட்கார்றதும் நிக்கறதும் எவ்வளவு வித்தியாசம்னு முதல்ல எடுத்துக் காட்டினது லண்டன் பஸ்கள். ஜெர்ரி மோரிஸ்ங்கற மருத்துவர் 1953-ல் வெளியிட்ட ஆய்வு. ஒரே பஸ், ஒரே சம்பள வர்க்கம். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் மாடி பஸ்ஸுல ஏறி இறங்கிக்கிட்டே இருப்பார். மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம். அப்புறம் அவரும் கூட்டாளிகளும் சீருடை அளவைப் பாத்தாங்க. டிரைவர்களுக்கு இடுப்பளவும் ஜாஸ்தி, அதுவும் வேலைக்குச் சேரும்போதே ஜாஸ்தி! அதனால எல்லாப் பழியையும் சீட்டு மேல போட்டுட முடியாதுன்னு அவங்களே 1956-ல் எழுதினாங்க. நேர்மையான ஆளுங்க. நம்ம டவுன் பஸ்ல பின் சீட்டுல உக்காந்துக்கிட்டு டிக்கெட்டை கைமாத்தி விடற கண்டக்டரைப் பாத்திருந்தா மோரிஸ் என்ன எழுதியிருப்பாரோ. ஆனா ஒண்ணு, லண்டன் டிராஃபிக்குல ஒரு மாடி பஸ்ஸை நாளெல்லாம் ஓட்டற மனுஷனை லேஸின்னு சொல்ல யாருக்காவது மனசு வருமா?

லேஸிங்கறது மனசைப் பத்தின வார்த்தை. முடியும், ஆனா செய்ய மாட்டேங்கறான். அவ்வளவுதான். வள்ளுவர் மடியின்மைன்னு தனி அதிகாரம் வெச்சு சாடறது இந்த ஆளைத்தான், பவர்டேபிள்காரியை இல்லை. ஐடில் அப்படி இல்லை, பழைய இங்கிலீஷ்ல அதுக்கு 'வெறுமை'ன்னு அர்த்தம். வேலை கிடைக்காதவனும் ஐடில், மழையில நெட்டு போய் நின்ன ஆபீஸும் ஐடில், சிக்னல்ல உறுமிக்கிட்டு நிக்குற வண்டி இஞ்சினும் ஐடில். இஞ்சின் சோம்பேறியா என்ன?

லெதார்ஜிக் விஷயத்துலதான் எனக்கு நிஜமாவே கோபம் வரும். லேஸிங்கறவனுக்கு மனசு இல்லை, லெதார்ஜிக்கா இருக்கறவனுக்கு தெம்பு இல்லை. கிரேக்கத்துல மறதின்னு ஒரு வேர், வேலையில்லாதன்னு ஒரு வேர், ரெண்டும் சேர்ந்து வந்த வார்த்தை. ஏதோ ஒரு மயக்கம் மாதிரி அமுக்கறது. நமக்கு அசதின்னு அருமையான சொல் இருக்கு, சோர்வு இருக்கு, மந்தம் இருக்கு. சோம்பல்னு எதுக்கு எழுதணும்?

நண்பன் ஒருத்தனோட பொண்ணு ஒன்பதாவது படிச்சப்போ ரிப்போர்ட் கார்டுல தொடர்ந்து மூணு தேர்வுக்கு 'லேஸி'ன்னு குறிப்பு. வீட்டுலயும் அதே பாட்டு. எந்நேரமும் படுக்கை, படி ஏறச் சொன்னா அழுகை, திட்டு, செல்போனைப் பிடுங்கறது. கடைசியில அவளோட பாட்டிதான், "அவ மூஞ்சி ஏண்டா இப்படி வெளுத்திருக்கு"ன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. ஹீமோகுளோபின் ஏழு. ஏழுன்னா கடுமையான ரத்தசோகை, அந்த ரத்தத்தை வெச்சுக்கிட்டு அந்தக் குழந்தை ஸ்கூலுக்கு நடந்து போனதே பெரிய விஷயம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தைராய்டு குறைஞ்சாலும் இதே அசதிதான். லேஸின்னு எழுதினா அடுத்து வர்றது திட்டு. அசதியா இருக்கான்னு எழுதினா அடுத்து ரத்தப் பரிசோதனை. அந்த டீச்சருக்கு ரெண்டு வார்த்தைக்கும் செலவாகற மை ஒண்ணுதான்.

இனர்ட், ஸ்லக்கிஷ் எல்லாம் வேகமா பாத்துடலாம். இனர்ட்னா மூலத்துல 'திறமையற்ற'. ஆர்ட்டுங்கற சொல்லோட எதிர்ப்பதம். தானா எதோடயும் வினை புரியாத வாயுவுக்கு அந்தப் பேர் வெச்சாங்க. 1894-ல் கண்டுபிடிச்ச ஆர்கானுக்கு கிரேக்கத்துல சோம்பேறின்னே பேர், லெதார்ஜிக்குல ஒளிஞ்சிருக்கற அதே வேர். பாவம், 1962-ல் அந்தக் குடும்பத்துச் செனானை வினை புரிய வெச்சுக் காட்டிட்டாங்க, அதுலேருந்து இனர்ட்ங்கற பட்டமே ஆட்டம் கண்டு போச்சு. ஸ்லக்கிஷ்ல வர்ற ஸ்லக்னா முதல்ல சோம்பேறி ஆள். ஓடில்லாத நத்தைக்கு அந்தப் பேர் பின்னாடிதான் வந்தது. நத்தையைப் பாத்து மனுஷனைத் திட்டலை, மனுஷனைப் பாத்து நத்தையைத் திட்டியிருக்காங்க. டார்மன்ட்னா தூங்கறது. ரெண்டு வருஷம் நீங்க போடாம எடுக்காம விட்ட பேங்க் கணக்கை டார்மன்ட்னு சொல்வாங்க. அதைச் செயல்படாத கணக்குன்னு பேங்குக்காரங்க அழகா தமிழ்ல எழுதறாங்க. சோம்பேறிக் கணக்குன்னு எழுதலை. காசு விஷயத்துல மட்டும் மொழிபெயர்ப்பு கரெக்டா வருது பாருங்க!

ஒரு வார்த்தை மட்டும் மெதுவா சொல்லணும். இண்டொலன்ட். அகராதியில தேடினா சோம்பலான, மந்தமானன்னு வரும். ஆனா அதோட மூலம் 'வலி இல்லாத'. மருத்துவத்துல இன்னிக்கும் அந்தப் பழைய வாடை போகலை. மெல்ல வளர்ற, அவசரப்படுத்தாத நோய்க்கு இண்டொலன்ட்னு சொல்வாங்க. ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவரோட அப்பாவுக்கு நெறி கட்டி, பயாப்ஸி ரிப்போர்ட்ல 'இண்டொலன்ட் லிம்ஃபோமா'ன்னு வந்தது. இவர் செல்போன்ல பாத்துட்டு, "சோம்பேறிப் புற்றுநோயாம், என்னய்யா கேலி பண்றாங்களா"ன்னு கண் கலங்கி நின்னார். மெதுவா வளர்ற வகைன்னு ஒரு வரி யாராவது சொல்லியிருந்தா அன்னிக்கு ராத்திரி அந்த வீட்டுல கொஞ்சம் தூங்கியிருப்பாங்க. இந்த வகையில சிலருக்கு உடனே மருந்து கூட ஆரம்பிக்காம கவனிச்சுக்கிட்டே இருக்கறதும் உண்டுன்னு டாக்டர் மூணு நாள் கழிச்சுதான் விளக்கினார்.

தமிழ்ல என்ன எழுதலாம்னு கேப்பீங்க. செடன்டரிக்கு 'உடலுழைப்பு இல்லாத'ன்னு சிலர் எழுதறாங்க. சோம்பேறியை விடப் பரவாயில்லை, ஆனா அதுவும் தப்பு. பவர்டேபிள் ஓட்டறது உடலுழைப்பு இல்லாம வேற என்ன? 'உட்கார்ந்த இடத்து வேலை'ன்னு நம்ம ஜனங்க சாதாரணமா சொல்றாங்களே, அதையே வெச்சுக்கலாம். வாழ்க்கை முறைன்னு வந்தா 'நெடுநேரம் உட்கார்ந்திருத்தல்'. நீளமா இருந்தா என்ன, நோட்டீஸ்ல இடமா இல்லை? இன்ஆக்டிவுக்கு 'உடல் இயக்கம் போதாமை'. உடற்பயிற்சின்னு போடாதீங்க, ட்ராக் சூட்டும் ஜிம்மும்தான் ஞாபகம் வரும்; குடம் தூக்கறதும் சைக்கிள் மிதிக்கறதும் கூட இயக்கம்தான். சோம்பேறியை அதுக்குத் தகுதியானவங்களுக்கு விட்டுடுங்க, வீட்டுக்கு ஒருத்தர் தேறுவார்.

இன்னொரு கோரிக்கை மருத்துவமனைப் படிவம் அடிக்கிறவங்களுக்கு. 'வாழ்க்கை முறை'ன்னு போட்டு செடன்டரி, ஆக்டிவ்னு ரெண்டு கட்டம் கொடுத்து ஒண்ணுல டிக் அடிக்கச் சொல்றீங்க. எங்க அத்தை எதுல அடிப்பாங்க? ரெண்டுலயும்தான் அடிக்கணும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்காருவீங்க, ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் மூச்சு வாங்க நடப்பீங்க. இந்த ரெண்டு கேள்வியைத் தமிழ்ல தனித்தனியா கேளுங்க. பதிலை நம்பர்ல எழுத அத்தைக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது.